ஊத்துக்குளி வெண்ணெய் போட்ட பாஸ்தா

மதுக்கரையில் ரவிக்குமார் குடியிருக்கும் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. 'வே. ரவிக்குமார், பி.எஸ்சி. வேதியியல்' என்று எழுதியிருக்கும். எழுத்து மேல்பாதியிலேயே முடிந்துவிடும். கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடக்கும். எழுதும்போதே பெயின்டர் கேட்டார்.

"ஏனுங்க, நடுவுல எழுதுனா லட்சணமா இருக்குமே. எதுக்கு மேல கொண்டுபோயி ஒட்ட வெக்கச் சொல்றீங்க?"

"கீழ இன்னொரு பேரு வருமுங்க."

"யாரு பேருங்க?"

"வந்ததும் சொல்றேன். நீங்களே வந்து எழுதிப்போடுங்க."

சில வருஷம் ஓடிவிட்டது. பெயின்டர் எதிரே வரும்போதெல்லாம் சிரிப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டிருந்தாலாவது பரவாயில்லை என்று ரவிக்குமாருக்குத் தோன்றும்.

அந்தியூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர் அவனுடையது. அப்பா வேலுமணியும் அம்மா பாவாத்தாளும் மஞ்சள் காட்டுக்கும் கரும்புக் காட்டுக்கும் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ரவிக்குமார்தான். சும்மா மிதித்துவிட்டு வந்துவிடவில்லை, முதல் வகுப்பில் தேறியே வெளியே வந்தான். அந்தப் படிப்புக்குச் சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. சிமெண்டைத் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒரு வட்ட அச்சில் நிரப்புவார்கள். மேலே ஒரு மெல்லிய ஊசி தொங்கும். அதைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இறக்கிவிட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் வெண்ணெயில் இறங்குவதுபோல அடிவரை இறங்கும். பிறகு நடுவில் நின்றுபோகும். அது நிற்கிற சமயத்தைப் பிடிப்பதுதான் ரவிக்குமாரின் வேலை. வைத்த கண் வாங்காமல் பார்ப்பான். பார்ப்பதில் அவனை மிஞ்ச அந்தக் கூடத்தில் ஆள் கிடையாது.

வீட்டில் அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு ஹால், ஒரு சமையலறை. சமையலறையில் ஒரு குழாய், அதில் போர் தண்ணி. பாத்திரம் கழுவவும் குளிக்கவும் அதுதான். குடிக்கிற நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருமுறை வாசல் குழாயில் வரும், சில சமயம் தள்ளியும் போகும். வருகிற அன்று ஒரு நீல டிரம்மில் பிடித்து மூடி வைத்துக்கொள்வான். கடையில் கிடைத்த ஆகச் சின்னக் குக்கரில்தான் சோறு வைப்பான், அதிலும் மிஞ்சும். சாயங்காலம் அப்பா போன் பண்ணுவார். "சாப்பிட்டயா கண்ணு?" என்பார். "சாப்பிட்டேன்" என்பான். "செரி" என்று வைத்துவிடுவார். சில நாள் 'சாப்பிட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் அந்த வீட்டுக்குள் அவன் பேசிய பேச்சாக இருக்கும்.

பெண் தேடிக் கொடுக்க நரசிம்மலு வந்து சேர்ந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், இப்போது ஒரு பழைய மொபெட்டில் ஊர் ஊராகப் போய்க் கல்யாணத் தரகு பார்க்கிறார். அவர் கொண்டுவந்த இடங்களில் ஒருவருக்குச் சொந்த வீடு வேண்டும், ஒருவருக்கு கம்ப்யூட்டர் கம்பெனி மாப்பிள்ளை வேண்டும், ஒருவருக்கு அப்பா என்ன வேலை பார்த்தார் என்பது வேண்டும். ரவிக்குமாருக்கு வயது முப்பத்துமூன்று ஆனபோதுதான் சாய்ப்ரியாவின் ஜாதகம் வந்தது.

சாய்ப்ரியா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். அவன் அப்பா அம்மா போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தார்கள், இரண்டு பக்கமும் பிடித்திருந்தது. உப்பு சர்க்கரை மாற்றிக்கொள்ள நாள் பார்க்கலாம் என்று பேச்சு. அந்தப் பக்கத்து ஊர்களில் சம்பந்தம் உறுதியாவது அதில்தான். இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் கை மாற்றிக்கொண்டுவிட்டால் அதற்கப்புறம் யாரும் பின்வாங்குவதில்லை. அதற்கு முன்னால் பெண்வீட்டார் ஒருமுறை வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவதாக இருந்தது.

இடைப்பட்ட நாட்களில் இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள்.

"உங்களுக்கு என்ன சாப்பாடு புடிக்குமுங்க?" என்று ஒருநாள் கேட்டான்.

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டனுங்க."

"பாஸ்தா. அதுவும் ஒண்ணுமே போடாத பாஸ்தா. கொஞ்சம் வெண்ணெய், உப்பு, மிளகு. அவ்வளவுதானுங்க. கேரட்டு பீன்ஸு தக்காளி சாஸுன்னு எதுவும் பக்கத்துல வரப்படாது."

"அது என்னங்க சாப்பாடு?"

"பல்லுப் புடுங்கிட்டுப் போறவங்களுக்கு நாந்தான் அதைச் சொல்லி அனுப்பறது. சொல்லிச் சொல்லி எனக்கே புடிச்சுப்போச்சு. ஆனா எங்க ஊட்டுல யாருக்கும் அதைச் செய்யத் தெரியல. செஞ்சா உப்புமா ஆக்கிப்போடறாங்க."

"நீங்க ஊடு பாக்க வர்றப்ப நான் செஞ்சு தர்றேன்."

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"நான் கெமிஸ்ட்ரிங்க."

அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகும் சமையலறையில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது.

அப்பா அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தன் வீட்டைத் தானே காட்ட வேண்டும், தன் கையால் சமைத்துப் போட வேண்டும் என்று ஆசை. பேனா முனைபோலச் சாய்வாக வெட்டிய குழல் பாஸ்தா வாங்கினான். திருப்பூர்ப் பக்கம் போன ஒருவரிடம் சொல்லி ஊத்துக்குளி வெண்ணெய் வரவழைத்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதற்கு வெகு முன்னாடியே செய்து முடித்துவிட்டான். எப்படியும் வடித்துக் கொட்டப்போகிற தண்ணிக்கு நல்ல தண்ணி எதற்கு என்று போர் தண்ணியிலேயே வேக வைத்தான். சோற்றுக்கு உலையில் யாரும் உப்புப் போடுவதில்லை, அதனால் இதற்கும் போடவில்லை. வெந்ததை வடித்து, சேமியாவை அலசுவதுபோலக் குழாயில் காட்டி அலசினான். ஹாட் பாக்ஸில் கொட்டி மேலே வெண்ணெயை வைத்து, உப்பும் மிளகும் தூவி மூடி வைத்தான். வேலை சுத்தமாக முடிந்ததாக நினைத்துக்கொண்டான்.

சாய்ப்ரியாவும் அவள் அம்மா அன்புச்செல்வியும் வந்தார்கள். அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் புழுதியைப் பார்த்தார்.

"லாரி போற ரோடுங்க. காலையிலதான் துடைச்சேன்" என்றான்.

"இருக்கட்டுங்க. நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது?"

"வாரத்துக்கு ஒருக்கா வருமுங்க. டிரம்முல புடிச்சு வெச்சுக்குவேன்."

மேஜையில் இரண்டு தட்டு வைத்தான். ஹாட் பாக்ஸைத் திறந்து கரண்டியை விட்டால் பாஸ்தா மொத்தமும் ஒரே கட்டியாக எழுந்து வந்தது. கரண்டி முனையால் கொத்திக் கொத்திப் பிரித்துப் பரிமாறினான்.

"நீங்களும் உக்காருங்க" என்றாள் சாய்ப்ரியா.

"பரவால்லீங்க, நீங்க சாப்பிடுங்க."

ஊரில் அவன் வீட்டில் சோறு போடுகிறவர் நின்றுகொண்டுதான் போடுவார். வந்தவர்கள் கை கழுவிய பிறகுதான் தான் சாப்பிடுவது. அவன் கரண்டியோடு நின்றான். அவள் முதல் வாய் எடுத்து வைத்ததும் முகத்தைப் பார்த்தான். மென்றாள். விழுங்கினாள். இரண்டாவது வாய். இந்தத் தடவை முழுங்குவதற்குள் தண்ணீர் குடித்தாள். அதையும் பார்த்தான்.

"உக்காருங்களேன். சேர் இருக்குதில்லீங்க."

"இருக்கட்டுங்க. கொஞ்சம் போடட்டுங்களா?"

"போதுமுங்க. நல்லா இருக்குதுங்க" என்றாள். அம்மாவும் நல்லா இருக்குது என்றார். மிச்சத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, "அப்பாவுக்குக் குடுங்க" என்று கொடுத்து அனுப்பினான். அவனுக்கு ருசி பார்க்கக்கூட ஒரு வாய் மிஞ்சவில்லை.

அதன் பிறகு போன் பேச்சு சுருங்கியது. சாய்ப்ரியா "வேலையா இருக்கேனுங்க" என்றாள், பிறகு எடுக்கவே இல்லை. நரசிம்மலு "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றார். பிறகு ஒரு நாள், "அவங்களுக்குத் தோது இல்லைங்கறாங்க, வேற பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, காரணம் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

காரணம் என்னவாக இருக்கும்? புழுதியாக இருக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை வரும் தண்ணியாக இருக்கலாம். அப்பா கூலி வேலை பார்த்தவர் என்பது யாராவது ஒரு மாமனுக்கு உறுத்தியிருக்கலாம். எதையும் அச்சில் நிரப்பி ஊசி இறக்கிப் பார்க்க வழியில்லை. வழியிருந்தது பாஸ்தா ஒன்றுக்குத்தான். ஆகவே ரவிக்குமார் அதைப் பிடித்துக்கொண்டான். ஒரு பாஸ்தாவுக்காக எவரும் கல்யாணத்தை நிறுத்த மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும், பாஸ்தா சரியாக வந்துவிட்டால் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாம், இன்னொரு தடவை வந்து பாருங்கள் என்று கேட்கலாம் என்று மனசின் ஒரு மூலையில் ஒரு நினைப்பு உட்கார்ந்திருந்தது. கேட்கிற தகுதி வந்த பிறகு கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

முதலில் அன்று செய்தது மாதிரியே மறுபடி செய்து, இந்தத் தடவை தானே தின்று பார்த்தான். வாயில் வைத்ததும் போர் தண்ணியின் சவர்ப்பு அடித்தது. பாஸ்தாவுக்குள்ளே உப்பே இல்லை, வெளியே மட்டும் நறநறவென்று கரித்தது. அலசிய ஈரத்தில் வெண்ணெய் பிடிக்காமல் திட்டுத் திட்டாக நின்றது. இதைத்தான் அவள் நல்லா இருக்கிறது என்று சொன்னாள். ரவிக்குமார் தட்டைக் கொண்டுபோய்க் கொட்டினான்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதனால் எது ஆனது என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணியை மட்டும் மாற்றினான். டிரம்மிலிருந்து நல்ல தண்ணி மொண்டு ஊற்றும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஆனால் சவர்ப்பு போய்விட்டது. அடுத்த ஞாயிறு பெரிய பாத்திரம் வைத்தான். நெருக்கியடித்து வேகும்போதுதான் ஒட்டுகிறது, நீந்த இடம் கொடுத்தால் ஒட்டுவதில்லை. அதற்கடுத்தது உப்பு. ரசத்துக்குப் போடும் அளவுக்கு உப்பைக் கொதிக்கிற தண்ணியில் போட்டபோது பாஸ்தாவின் உள்ளே வரை உப்பு இறங்கியது. வெந்ததா என்று பார்க்க ஒரு குழலை எடுத்துக் குறுக்கே வெட்டினான். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாக இருந்தால் இன்னும் வேக வேண்டும். அந்தப் பொட்டு மறையப் போகிற சமயத்தில் இறக்க வேண்டும். இது அவனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அலசுவதை நிறுத்தினான். கடைசியாகத்தான் வடித்த தண்ணியின் விஷயம் பிடிபட்டது. ஒருநாள் வடிக்கும்போது கை சுட்டு, பாதித் தண்ணியோடு பாஸ்தா வெண்ணெய்ச் சட்டியில் விழுந்துவிட்டது. பதறி அடுப்பில் வைத்துக் கிளறினால், கஞ்சி மாதிரி கலங்கலாக இருந்த அந்தத் தண்ணியும் வெண்ணெயும் சேர்ந்து பாலாகி ஒவ்வொரு குழலிலும் வழவழவென்று பூசிக்கொண்டது. அன்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணியை எடுத்து வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை வடிப்பான். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. செய்து மூடி வைத்தால் எல்லாம் பாழ். இறக்கினால் உடனே தின்ன வேண்டும். தட்டும் ஆளும் முதலில் தயாராக இருக்க வேண்டும்.

ஆள் என்று இருந்தது அவன் ஒருவன்தான். சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சட்டியிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிச் சோதிப்பான். நன்றாக வந்த நாளில் அதைச் சொல்ல யாரும் இல்லை. ஒரு தடவை அப்பா போன் பண்ணியபோது, "இன்னிக்கு நல்லா வந்துச்சுப்பா" என்றான். "என்ன கண்ணு?" என்றார் அவர். சொல்லத் தொடங்கி, எங்கிருந்து சொல்வது என்று தெரியாமல், "சாப்பாடுதான்" என்று முடித்துக்கொண்டான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உலை வைத்திருந்தபோது வாசலில் மொபெட் வந்து நின்றது. நரசிம்மலு. கையில் ஒரு துணிப்பை.

"ஏனுங்க தம்பி, இருக்கறீங்களா? இந்தாங்க, உங்க டப்பா. பொண்ணூட்டுல குடுத்தாங்க. அந்தப் பக்கம் போயிருந்தனுங்க."

அவன் கொடுத்தனுப்பிய அதே எவர்சில்வர் டப்பா. கனமாக இருந்தது. திறந்தான். உள்ளே முக்கால்வாசிக்குச் சர்க்கரை.

ரவிக்குமாரின் கை அவனைக் கேட்காமலே பைக்குள் போய்த் துழாவியது. இன்னொரு பொட்டலம் இருக்கிறதா, உப்புப் பொட்டலம் ஏதாவது, மடித்து வைத்து, அடியில் கிடக்கிறதா. பையில் ஒன்றும் இல்லை.

நரசிம்மலு அதைப் பார்த்துவிட்டார். எத்தனையோ வீட்டுக்கு உப்பு சர்க்கரை மாற்றி வைத்தவர் அவர். செருமிக்கொண்டார். "வெறும் ஏனமாத் திருப்பிக் குடுக்கப்படாதுன்னு பொண்ணோட அம்மா போட்டுக் குடுத்தாங்க. வேற ஒண்ணுமில்லீங்க. பொண்ணுக்குப் பல்லடத்துல இடம் அமைஞ்சு போச்சு. ஆவணியில கல்யாணம்."

"நல்லதுங்க" என்றான். டப்பாவை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி திறந்து மூடினான். பிறகு கேட்டான்.

"பாஸ்தா நல்லா இல்லைன்னு சொன்னாங்களா?"

"என்னது?"

"அன்னிக்கு நான் செஞ்ச சாப்பாடு."

நரசிம்மலு சிரித்துவிட்டார். "சோத்துக்காகவா மாப்பிள்ளைய வேண்டாம்பாங்க? அப்படிப் பாத்தா எங்கூட்டம்மா சமையலுக்கு நான் கல்யாணத்தன்னிக்கே ஓடியிருக்கோணும்." சிரிப்பு அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா மனசுல வெச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"பொண்ணு சொன்னது இதுதானுங்க. 'உக்காருங்க உக்காருங்கன்னு சொல்றேன், உக்காரவே இல்ல. கரண்டியப் புடிச்சுட்டு நான் முழுங்கறதையே பாத்துட்டு நின்னாரு. தண்ணி குடிச்சாக்கூடப் பாக்கறாரு. காலம் பூரா இப்படிப் பாத்துட்டு நின்னா நான் எப்படி அந்த ஊட்டுல சோறு திங்கறது'ன்னுச்சு. மரியாதைக்கு நின்னிருப்பாரு கண்ணுன்னு அந்தம்மாகூடச் சொல்லிப் பாத்தாங்களாம். அது மனசுல ஏறல. நான்தான் உங்ககிட்டச் சொல்லச் சங்கடப்பட்டுட்டு உட்டுப்போட்டேன்."

அடுப்பில் தண்ணி தளதளவென்று கொதித்தது. சவர்ப்பு, உப்பு, வெள்ளைப் பொட்டு என்று அத்தனை ஞாயிற்றுக்கிழமை. அத்தனையும் நின்றுகொண்டே.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றான்.

"இல்லீங்க, இன்னொரு ஊட்டுக்குப் போகோணும்."

"தண்ணி கொதிச்சுருச்சு. நேரமாகாதுங்க. உக்காருங்க."

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாஸ்தா போட்டான். ஒரு கைப்பிடி கூடப் போட்டதில் அளவு தெரியாமல் இன்னும் கொஞ்சம் போட்டான். மேஜையில் இரண்டு தட்டு வைத்தான். ஒரு டம்ளர் தண்ணியை எடுத்து வைத்துக்கொண்டு வடித்தான், வெண்ணெயில் புரட்டினான், மிளகைப் பொடித்துப் போட்டான். ஆவி பறக்கக் கொண்டுவந்து இரண்டு தட்டிலும் பரிமாறினான். கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

நரசிம்மலு நாலு குழலை ஒன்றாக வாயில் போட்டு மென்றார். ரவிக்குமார் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

"தம்பி."

"சொல்லுங்க."

"ஊறுகா இருக்குதுங்களா? காரமே இல்லியே."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்து வைத்தான். நரசிம்மலு ஒரு துண்டைத் தட்டோரம் வைத்துக்கொண்டு, "இப்பப் பாருங்க, சோறு எறங்கும்" என்று சொல்லி வாய்க்குக் கொண்டுபோகும்போது போன் அடித்தது.

"வேற ஒரு மாப்பிள்ளையோட அப்பனுங்க. என் போனுக்கு உள்ள சரியா டவர் எடுக்காது, ஒரு நிமிஷம்" என்று எழுந்து வாசலுக்குப் போனார். கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்று உரக்கப் பேசினார். பையனுக்குச் சம்பளம் எவ்வளவு, பெண் எங்கே வேலை பார்க்கிறாள், எந்த நட்சத்திரம். பேச்சு முடிகிற மாதிரி தெரியவில்லை. லாரி ஒன்று போனபோது கொஞ்சம் நிறுத்தி, போனதும் மறுபடி தொடங்கினார்.

பாஸ்தா காத்திருக்காது. ரவிக்குமார் தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். நன்றாக வந்திருந்தது, இதுவரை வந்ததிலேயே நன்றாக. எதிர்த் தட்டில் மினுமினுப்பு குறைந்துகொண்டு வந்தது. குழல்கள் ஒன்றோடொன்று சாய்ந்து ஒட்டத் தொடங்கின. எழுந்து, டம்ளரில் எடுத்து வைத்திருந்த தண்ணியைச் சூடு காட்டி, ஒரு கரண்டி அந்தத் தட்டில் ஊற்றி ஓரமிருந்து மெல்லப் புரட்டிவிட்டான். ஊறுகாய்த் துண்டு பாஸ்தாவில் பட்டுவிடாமல் ஒதுக்கி வைத்தான். ஒட்டியது விட்டது, மறுபடி பளபளத்தது.

"அடடா, ஆறிப்போயிருக்குமே" என்றபடி நரசிம்மலு திரும்பி வந்தார்.

"ஆறலீங்க. சாப்பிடுங்க."

அவர் உட்கார்ந்தார். ரவிக்குமாருக்குப் பசி இல்லை. இருந்தாலும் சட்டியின் அடியில் மிஞ்சியிருந்ததைத் தன் தட்டில் வழித்துப் போட்டுக்கொண்டு எதிரே வந்து மறுபடி உட்கார்ந்தான்.